தெருவிலிருந்து வந்த பூனைக்குட்டிக்குத் தெள்ளு: எது தெரிந்தால் எதைச் செய்வது

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கார் எஞ்சினுக்குள்ளிருந்தும் மாடிப்படிக்கு அடியிலிருந்தும் பூனைக்குட்டிகளின் கத்தல் கேட்க ஆரம்பிக்கும். ஒன்றைத் தூக்கி உள்ளே கொண்டுவந்து துடைத்தால், கழுத்து மயிருக்குள் பழுப்பாக ஏதோ சரசரவென்று ஓடும். தெள்ளு. "முதல்ல இதைக் குளிப்பாட்டு" என்பார் வீட்டில் ஒருவர். "நாய்க்கு வாங்கின பவுடர் மிச்சம் இருக்கே" என்பார் இன்னொருவர். குளியல், நேரம் தவறினால் குட்டியைக் கொல்லும். நாய்ப் பவுடர் எந்த நேரத்திலும் கொல்லலாம்.

தெள்ளை ஒழிப்பது பெரிய வித்தை இல்லை. எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசை, அவசரத்தின் வரிசை. உங்கள் குட்டிக்குப் பொருந்தும் முதல் இடத்தில் நிறுத்தி, அதை முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று. குட்டி கொழுகொழுவென்று, உடல் சூடாக, ஓரிடத்தில் அமைதியாகத் தூங்கிக்கொண்டிருந்தால், தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வந்துவிட்டால் குட்டியை எடுக்காதீர்கள்.

தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, சத்தமே இல்லை

தெள்ளை மறந்துவிடுங்கள். குளியல் கிடையாது, பாலும் கிடையாது. உடல் குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. ஊட்டிய பால் வயிற்றிலேயே தங்கிக் கெடும், அல்லது மூச்சுக்குழாயில் ஏறிவிடும்.

அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு அதிகமானால் நகர்ந்துபோகக் குட்டிக்கு இடம் வேண்டும். நனைந்திருந்தால் முதலில் துடைத்துக் காயவையுங்கள். அவசரப்பட்டு ஹீட்டர் முன்னால் பிடிக்க வேண்டாம். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்து மெதுவாகச் சூடேறுவதே நல்லது. வயிறும் பாதமும் சூடாகி, தலையைத் தூக்கிக் கத்த ஆரம்பித்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இடையில், குளுக்கோஸ் கரைத்த தண்ணீரில் ஒரு சொட்டை விரலால் ஈறில் தடவலாம். வாயில் ஊற்றக் கூடாது.

அப்புறம்தான் பால். பசும்பாலும் பாக்கெட் பாலும் வயிற்றுப்போக்கில் கொண்டுவிடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கும். குட்டியைக் குப்புற வைத்துத்தான் ஊட்ட வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும்.

சூடு இருக்கிறது, ஆனால் துவண்டு கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது

மேலுதட்டை லேசாகத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலே உள்ள ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சில குட்டிகளுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்கு நாக்கைப் பாருங்கள். காகிதம் மாதிரி வெளுத்திருந்தால், தெள்ளு குடித்த ரத்தம் அது.

மிகையாகத் தோன்றினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூனை உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 60 மில்லி ரத்தம். 300 கிராம் குட்டி என்றால் மொத்தமே 18 மில்லி. எழுபது சொச்சம் பெண் தெள்ளுகள் சேர்ந்தால் ஒரு நாளில் 1 மில்லி உறிஞ்சிவிடும். மழையில் நனைந்து, பட்டினி கிடந்த குட்டியின் மேல் எழுபது தெள்ளு இருப்பது அபூர்வமும் இல்லை.

இந்த நிலையில் வீட்டு வைத்தியம் எதுவும் போதாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். சில குட்டிகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டிவரும். சென்னையில் வேப்பேரி, வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரிய பிரச்சினைக்கு அங்கே போவது நல்லது. மற்ற ஊர்களில் 'மாட்டாஸ்பத்திரி' என்று எல்லோரும் சொல்லும் அரசு கால்நடை மருந்தகத்தில் பூனையையும் பார்ப்பார்கள். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. போகிற வழியிலும் பெட்டியில் வெந்நீர் பாட்டில் இருக்கட்டும்.

வயது தெரியவில்லை, எடை தெரியவில்லை

மருந்து போடுவதா வேண்டாமா என்பது இந்த இரண்டையும் பொறுத்தது. கண் திறக்கவில்லை என்றால் இரண்டு வாரத்துக்கு உட்பட்டது. காது மடல் நிமிர்ந்துவிட்டது, தள்ளாடி நடக்கிறது என்றால் மூன்று வாரம் பக்கம். முன்பற்களும் கோரைப்பற்களும் மூன்று, நான்கு வாரத்தில் எட்டிப் பார்க்கும். கடைவாய்ப் பற்கள் அதற்கு மேல். கண் இன்னும் நீலமாகவே இருந்தால் பெரும்பாலும் ஏழு வாரத்துக்குள்.

எடைக்குச் சமையலறைத் தராசு போதும். இல்லையென்றால் பக்கத்து மளிகைக் கடையில் நிறுத்துத் தருவார்கள். நன்றாக வளர்ந்த குட்டி எட்டு வாரத்தில் 900 கிராம் வரும். தெருக்குட்டிகள் பெரும்பாலும் அதற்குக் குறைவுதான், அதனால் எடையை மட்டும் வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. பல்லைப் பார்த்து வயதும், தராசைப் பார்த்து மருந்தின் அளவும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடாமல் சொறிகிறது, பூச்சி மட்டும் கண்ணில் படவில்லை

வாலடி, தொடையின் உட்பக்கம், தாடைக்குக் கீழே: இந்த மூன்று இடங்களில் மயிரை விலக்கிப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் இருந்தால் ஒரு வெள்ளைப் பஞ்சை நனைத்து அதில் தட்டிவிடுங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் சில விநாடியில் அதைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் பரவும், ஏனென்றால் அது குட்டியிடமிருந்து குடித்துக் கழித்த ரத்தம். இந்தப் பஞ்சுச் சோதனைக்கு மிஞ்சிய சோதனை வீட்டில் கிடையாது.

உண்ணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு உப்பும். தெள்ளு பக்கவாட்டில் தட்டையாக, மயிருக்குள் ஓடும், தாவும். பேன் ஓடாது, அதன் ஈர் மயிரில் ஒட்டியிருக்கும். தெள்ளின் முட்டை ஒட்டாது, உதிரும். இந்த உதிரும் சங்கதியை மறக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும்.

தெள்ளு ஓடுவது தெரிகிறது, ஆனால் மருந்து போடும் வயதில்லை

நமக்குக் கைவேலை அதிகம் உள்ள இடம் இதுதான்.

ஆயுதம், பேன் சீப்பு. தலைக்குப் பேன் வாரும் நெருக்கமான உலோகப் பல் சீப்பு எந்த ஃபேன்ஸி ஸ்டோரிலும் கிடைக்கும். பக்கத்தில் ஒரு கிண்ணம் வெந்நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. குட்டியை வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, கழுத்திலிருந்து வால் நோக்கி மயிர் படியும் திசையிலேயே வாருங்கள். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைக் கிண்ணத்தில் முக்க வேண்டும். சோப்பு இல்லாத தண்ணீரில் தெள்ளு மிதந்து, விளிம்பைப் பிடித்துத் தாவிவிடும். சோப்பு கலந்தால் நேராக அடிக்குப் போகும். நகத்தால் நசுக்குகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. தெள்ளின் வயிற்றில் உள்ளது நகக்கண்ணில் ஏறும், வேண்டாம்.

நான்கு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்குச் சீப்பு மட்டுமே போதும் என்பேன். காலை, மாலை பத்துப் பத்து நிமிடம் வாரினால் இரண்டு மூன்று நாளில் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். கூடவே படுக்கைத் துணியைத் தினமும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் வாரியது வீண்.

சூடும் தெம்பும் உள்ள குட்டி, ஆனால் உடம்பு முழுக்க மொய்க்கிறது என்றால் ஒரே ஒரு குளியல் போடலாம். ஜன்னலை மூடி மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். துண்டு, வெந்நீர் பாட்டில், சீப்பு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர், மணிக்கட்டில் விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சோப்பு நுரை. இதை விட்டுவிட்டு முதுகில் தண்ணீர் ஊற்றினால், உடம்பில் உள்ள தெள்ளு எல்லாம் முகத்துக்கும் காதுக்குள்ளும் ஓடிவிடும். நுரை வளையம் வேலியாக நின்ற பிறகு உடம்பை நனைத்து, நுரைத்து, சில நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தில் தண்ணீரே படக் கூடாது. அங்கே ஒளிந்தவற்றைச் சீப்பால் எடுக்க வேண்டியதுதான். நன்றாக அலசி, துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, அடிமயிர் வரை காயும்வரை விடாதீர்கள். காய்ந்தபின் வெந்நீர் பாட்டிலோடு பெட்டிக்குள். மறுநாளே இன்னொரு குளியல் வேண்டாம்.

சோப்பு என்றால் சாதாரணப் பாத்திர சோப்புதான். டெட்டால், பினாயில், மண்ணெண்ணெய், கற்பூரம் கலந்த எண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் பூனை மேல் படக் கூடாது. பூனையின் கல்லீரலால் இப்படிப்பட்ட பொருள்களை நம்முடையதைப் போல உடைத்து வெளியேற்ற முடியாது. தோலில் பட்டதை அது நக்கி வேறு தொலைக்கும். வேப்பெண்ணெயையும் இதே பட்டியலில்தான் வைப்பேன். இயற்கையானது என்பதால் பூனைக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை. மஞ்சள் தடவினால் குட்டி மஞ்சளாகும், அவ்வளவுதான்.

சின்னக் குட்டிக்கு மருந்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிப்ரோனில் ஸ்ப்ரேயில் சில தயாரிப்புகளுக்கு இரண்டு நாள் வயதிலிருந்தே அனுமதி உண்டு. ஆனால் எத்தனை அழுத்து, எப்படித் தடவுவது என்பதைக் குட்டியை நிறுத்துப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எட்டு வாரம் தாண்டிவிட்டது

வேலை சுலபம். பூனைக்கென்று விற்கும் ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்து. உறையில் 'பூனை' என்றும், வயது எடை வரம்பும் அச்சாகியிருக்க வேண்டும். பின்கழுத்தில், நாக்கு எட்டாத இடத்தில் மயிரைப் பிரித்துத் தோலில் விடுங்கள். மயிரின் மேல் விட்டால் பாதி வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். காதுப்பூச்சியும் சேர்ந்து இருந்தால் செலமெக்டின் இரண்டையும் பார்த்துக்கொள்ளும் என்பதால் தெருக்குட்டிக்கு நான் அதையே விரும்புவேன்.

பெரிய நாய்க்கான பைப்பெட்டை (சொட்டு மருந்து அடைத்த சிறு குழாய்) வாங்கி நாலு பூனைக்குப் பங்கு போடும் கணக்கு, கடைகளில் சாதாரணமாகக் காதில் விழும். அடுத்த பகுதி அதற்காகத்தான்.

மருந்து போட்ட பிறகு காது துடிக்கிறது, உடம்பு நடுங்குகிறது

நாய்க்கான சொட்டு மருந்து, பவுடர், கழுத்துப்பட்டை பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு, பூனைக்கு வலிப்பு வரவைக்கும். எறும்புச் சாக்பீஸும் கரப்பான் ஸ்ப்ரேயும் இதே குடும்பத்து விஷங்கள். அமிட்ராஸ் உள்ள நாய் உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது.

காதும் முகமும் சுண்டி இழுப்பது, எச்சில் வடிவது, தள்ளாட்டம், பிறகு நடுக்கம், வலிப்பு. சில மணி நேரத்தில் தொடங்கலாம். ஒரு நாள் கழித்தும் வரலாம். வலிப்பு இல்லாமல் நினைவோடு இருந்தால் பாத்திர சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு மருந்து பட்ட இடத்தைக் கழுவிவிட்டு, துண்டில் சுற்றி உடனே கிளம்புங்கள். வெந்நீர் கூடாது, தோல் வழியாக மருந்து இன்னும் வேகமாக ஏறும். வலிப்பு வந்துவிட்டால் கழுவ நிற்காமல் ஓட வேண்டியதுதான். மருந்தின் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். நேரத்தோடு போனால் பிழைக்கிற வாய்ப்பு நன்றாகவே உண்டு.

மருந்தை நக்கியதால் மட்டும் கொஞ்ச நேரம் எச்சில் ஒழுகி நின்றுவிடுவதும் உண்டு. அது கசப்பு. நடுக்கம் சேர்ந்தால் கசப்பு இல்லை.

போய்விட்டது என்று நினைத்தோம், இரண்டு வாரத்தில் மறுபடியும்

மருந்து போலி என்று சண்டைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள். குட்டி மேல் ஓடுகிற தெள்ளு, வீட்டில் உள்ள மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகத் தரையில் கிடக்கிறது. பெண் தெள்ளு ஒரு நாளில் நாற்பது முட்டைவரை இடும். அவை உதிரும் என்று சொன்னேனே, குட்டி எங்கெல்லாம் படுத்ததோ அங்கெல்லாம் உதிரும். புழுவுக்கு உணவு, கூடவே உதிரும் அந்தக் கறுப்பு எச்சம். வெளிச்சம் பிடிக்காமல் பாய் மடிப்பு, சோபாவின் அடி, கட்டில் கால், பழைய கோணி என்று ஊர்ந்து போய்விடும்.

தொல்லை பிடித்தது கூட்டுப்புழு. தூசி ஒட்டிய அந்தக் கூட்டுக்குள் எந்த மருந்தும் எளிதில் இறங்காது. மாதக்கணக்கில் சும்மா கிடந்து, காலடி அதிர்வும் உடல் சூடும் மூச்சும் தட்டுப்பட்டதும் வெளியே குதிக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிக் கதவைத் திறந்த நிமிடமே கணுக்காலில் கடிபடுவது இதனால்தான்.

எனவே சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம் நிறுத்தாமல் போடுங்கள். வீட்டில் உள்ள மற்றப் பூனை, நாய் எல்லாவற்றுக்கும் அதே நாளில், அவற்றுக்குரிய மருந்து. நாயின் மேல் இருப்பதும் பெரும்பாலும் இதே பூனைத் தெள்ளுதான். படுக்கைத் துணிகளை நல்ல வெந்நீரில் துவைத்து உச்சி வெயிலில் போடுங்கள். புழு, வறட்சியைத் தாங்காது. ஈரப்பதம் பாதிக்குக் கீழே போனாலோ 35 டிகிரியைத் தாண்டினாலோ பிழைக்காது. சித்திரை வெயிலில் சுலபமாக ஒழிவது ஐப்பசி, கார்த்திகையில் விடாப்பிடியாக நிற்பது அதனால்தான். மழை விடும்வரை வெயிலை நம்ப முடியாது. தினமும் மூலை முடுக்கு விடாமல் பெருக்கி, அள்ளிய குப்பையை உடனே வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, அதன் அதிர்வே கூட்டுப்புழுக்களைக் கிளப்பிவிடும்.

குட்டியை ஆரம்பத்திலேயே ஒரு அறையில், பாயோ கம்பளமோ இல்லாத வெறுந்தரையில் வைத்திருந்தால் இந்தப் பாடே கால்வாசிதான். குளியலறை தாராளமாகப் போதும். வீட்டுப் பூனை இருந்தால் இது கட்டாயம்: தெருக்குட்டி கொண்டுவரும் வைரஸ் நோய்கள் தெள்ளைவிட மோசமானவை.

பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தால், பூனைகள் வேறு இடத்தில் இருக்கட்டும். தரை முழுக்கக் காய்ந்து, காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே விடுங்கள். இன்னும் தெள்ளு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா? ராத்திரி ஒரு தட்டில் சோப்புத் தண்ணீரைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். காலையில் தட்டு சொல்லும்.

வாலடியில் அரிசி ஒட்டியிருக்கிறது

அரிசி இல்லை, நாடாப்புழுவின் துண்டு. புதியதாக இருந்தால் நெளியும். தெள்ளுப் புழு தின்ற நாடாப்புழு முட்டை, வளர்ந்த தெள்ளுக்குள் தங்கி, குட்டி தன்னை நக்கும்போது தெள்ளோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது. மருந்து பிராசிகுவாண்டல், எடைக்கு ஏற்ற அளவில். தெள்ளு ஒழியாமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் அரிசி திரும்பி வரும். சாதாரண உருண்டைப் புழுவுக்கான மருந்து வேறு. இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

தெள்ளு இல்லை, ஆனால் முடி கொட்டுகிறது

காது ஓரம் தடித்து, சாம்பல் நிறப் பொருக்கு முகத்துக்குப் பரவினால் சொறிப்பூச்சி. வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரை; அது உங்களுக்கும் ஒட்டும், கையுறை போடுங்கள். காதுக்குள் கறுப்பாகப் பொடிப்பொடியாக அழுக்கு, தலையை உதறுகிறது என்றால் காதுப்பூச்சி. மூன்றுக்கும் சிகிச்சை உண்டு, ஆனால் மூன்றுக்கும் ஒரே மருந்து இல்லை. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை அளவு தெரியாமல் ஊசியில் ஏற்றுவது மட்டும் வேண்டாம்.

குட்டி கீறிவிட்டது, கடித்துவிட்டது

குட்டிதானே என்று விடாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் பூனை வழியாகவும் வரும். காயத்தை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவினால்தான் 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாமல் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். முதல் ஊசிக்குப் பிறகு 3, 7 என்று நாள் குறித்துத் தருவார்கள். வலி இல்லை என்று நடுவில் விட்டுவிடக் கூடாது.

கீறிய சில வாரத்துக்குள் அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டி, காய்ச்சலும் வந்தால் மருத்துவரிடம் 'வீட்டில் தெள்ளு பிடித்த பூனைக்குட்டி இருக்கிறது' என்று நீங்களே சொல்லுங்கள். தெள்ளின் எச்சம் குட்டியின் நகத்தில் ஒட்டி, கீறலில் இறங்கும் ஒரு பாக்டீரியா அப்படிச் செய்யும். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி. மற்றத் தடுப்பூசிகளை ஆறு, எட்டு வாரத்திலேயே தொடங்கிவிடலாம், தெள்ளு மருந்துக்காகப் போகிற அதே நாளில் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.